கருகியதும் தானே செத்ததும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் ஓசோன் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பில் பெரிய எழுத்தில் கதிர்வீச்சு என்று போட்டு, கீழே கருகிய இலை ஒன்றின் படத்தையும் போட்டுவிட்டீர்கள் பாருங்கள், அதனால் எங்கள் வீட்டில் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்ட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் வரும் கண்ணாடிக் குப்பி விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் அக்காவை மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கே போன். "ஏட்டி, நம்ம வீட்டு முருங்கை இலை எல்லாம் மஞ்சளா மஞ்சளா உதிருது. பேப்பர்ல போட்டிருக்கானே, அது இதுதானா? மண்ணுல உள்ள கதிர்வீச்சா?" நான் சொன்னேன், "அக்கா, அது வேற, இது வேற." அவள் விடுவாளா? "வேறன்னா என்ன வேற, கதிர்வீச்சுன்னுதானே எழுதியிருக்கு? இனி அந்த முருங்கைக்கீரையைப் பறிச்சுப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லு."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் மாவட்டத்தில், அதிலும் கடற்கரையோரத்தில், கதிர்வீச்சு என்பது சும்மா காதில் விழுந்து போகிற சொல் கிடையாது. அந்தக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் என்ற கனிமங்களோடு மோனசைட்டும் கலந்து கிடக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிரியக்க உலோகம், அதனால் இயற்கையாகவே அங்கே கதிரியக்கம் மற்ற இடங்களைவிடக் கூடுதல். கிழக்கே கொஞ்சம் போனால் கூடங்குளம். ஒரு தலைமுறையே இந்தச் சொல்லோடு வாதாடி வளர்ந்த ஊரில், புற ஊதா என்ற வார்த்தையை மூன்றாவது பத்தியில் ஒளித்து வைத்துவிட்டு கதிர்வீச்சைத் தலைப்பில் தூக்கி நிறுத்தினால், படிக்கிறவர்கள் அணு என்றுதான் நினைப்பார்கள்.

சரி, வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தோரியத்திலிருந்து வருவது அணுக்கருவுக்குள்ளிருந்து கிளம்பும் கதிர். அதில் காமா வகை சுவரையும் தாண்டிப் போகும். புற ஊதா என்பது வெளிச்சத்துக்குப் பங்காளி, வெயிலோடு சேர்ந்து வருவது. அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் கீழே போய்விடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 400-லிருந்து 315 வரை ஏ வகை, 315-லிருந்து 280 வரை பி, அதற்கும் கீழே சி. வானத்திலேயே சி முழுவதும் வடிகட்டப்பட்டுவிடுகிறது, பி-யில் பெரும்பங்கும் உயரே இருக்கும் ஓசோன் படலத்தில் நின்றுவிடுகிறது, மிச்சம் மீதிதான் நம் தலைக்கும் வாழை இலைக்கும் வந்து சேர்கிறது. முருங்கை மூட்டில் எவ்வளவு கருமணல் கிடந்தாலும் அதிலிருந்து புற ஊதா கிளம்பி இலையைத் தாக்காது.

இதை அக்காவுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் என் காலை டீ ஆறிப்போயிற்று. ஆனால் என்னை எழுத உட்கார வைத்தது அந்தக் குழப்பம் மட்டுமில்லை. புற ஊதா பட்ட செடிகள் "கருகிச் சாகின்றன" என்று உங்கள் கட்டுரை நாலு இடத்தில் சொல்கிறது. அந்தக் கருகி என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நான் யார் என்று கேட்பீர்கள். குலசேகரம் பக்கம் சின்னதாக ஒரு வாழை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். மட்டி, செவ்வாழை, ஏத்தன், ரசகதளி, கேட்கிறவர்களுக்குக் கன்று. கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, பண்ணை தொடங்குவதற்கு முன்னால் நாலு வருடம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். அங்கே நடந்த ஒரு கூத்துதான் நான் சொன்ன கண்ணாடிக் குப்பி விஷயம்.

திசு வளர்ப்பு வாழை வாங்கியவர்களுக்குத் தெரியும், கன்று மண்ணுக்கு வரும் முன்னால் பல மாதம் கண்ணாடிக் குப்பிக்குள் சத்துக் கூழில் வளரும். அந்த வேலையைச் செய்கிற மேசைக்கு லேமினார் என்று பெயர். அதன் கூரையில் ஒரு புற ஊதா ட்யூப் லைட் இருக்கும், 254 நானோமீட்டர், அதாவது வெயிலில் நமக்கு வந்து சேராத அந்த சி வகை. கிருமி கொல்லத்தான். மேசை காலியாக இருக்கும்போது இருபது நிமிடம் போட்டு, அணைத்து, அப்புறம்தான் கையும் செடியும் உள்ளே போக வேண்டும். ஒரு சாயங்காலம் அந்த லைட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம், கரண்ட் போயிற்று. எட்டு மணி வரை வரவில்லை. எல்லாரும் கிளம்பும் நேரத்தில், காலையில் குழித்தட்டில் நடுவதற்காகக் கழுவி எடுத்த கன்றுகள் ஒரு தட்டில் இருந்தன, வைக்க வேறு இடமில்லை என்று நான்தான் அதை லேமினார் மேசையில் வைத்தேன். பக்கத்தில் மூடிய குப்பிகள் ஒரு டஜன். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் போனால் உள்ளே நீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. ஆறு மணி வாக்கில்தான் கரண்ட் வந்தது என்றார் காவலாளி. ஒரு மணி நேரம். பாய்ந்து போய் அணைத்துவிட்டுப் பார்த்தேன், தட்டில் இருந்த கன்றுகள் பச்சைப்பசேல் என்று ஒன்றும் நடக்காதது போல நின்றன. தப்பித்தோம் என்று யாரிடமும் சொல்லாமல் குழித்தட்டில் நட்டு அடுக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் இலையின் மேல்பக்கம் மெழுகு தடவினது போல ஒரு மினுமினுப்பு. அடுத்த நாள் அந்த மினுமினுப்பு வெண்கல நிறத்துக்குத் திரும்பியது. மூன்றாம் நாள் பழுப்பு, தொட்டால் துவண்டது. இதில் என் கண்ணைவிட்டு இன்றும் போகாதது ஒன்று உண்டு: மேல் இலை மறைத்த இடத்தில் கீழ் இலை பச்சையாகவே இருந்தது, மேல் இலையின் நிழலை அச்சு அடித்தது போல, ஓரம் கத்தியால் வெட்டினது மாதிரி. குப்பிக்குள் இருந்த பன்னிரண்டுக்கும் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. சாதாரணக் கண்ணாடி சி வகையை நிறுத்திவிடும், ஒரு இலையின் கனமே போதும் நிறுத்துவதற்கு. (இதை அக்காவிடம் சொன்னபோதுதான் அவள் கொஞ்சம் அடங்கினாள். "குப்பி தடுக்குமா? அப்போ அது அணு இல்லைதான்" என்றாள்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். கருகல் என்றால் என்ன? தோசைக்கல்லில் விழுந்த கறிவேப்பிலை கருகுகிறது, அந்த நிமிடமே. என் கன்றுகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டன. விளக்கை அணைத்த பிறகு, நல்ல ஈரத்தில், நல்ல நிழலில், மூடாக்குப் போட்டு வைத்த பிறகு செத்தன. அந்த இரண்டு நாளும் அந்த இலைக்குள் வேலை நடந்துகொண்டிருந்தது. சாவுக்கான வேலை.

புற ஊதா செல்லுக்குள் போனால் அது முக்கியமாகக் கைவைக்கிற இடம் டி.என்.ஏ. அந்த இழையில் தைமின் என்ற எழுத்து இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால், அவை இரண்டும் எதிர் இழையோடு சேர வேண்டியதை விட்டுவிட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டது போல. அந்த இடத்தில் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வருகிற நொதி முட்டி நின்றுவிடும். இதற்குச் செடியிடம் நல்ல மருந்தே இருக்கிறது, ஃபோட்டோலையேஸ் என்று ஒரு நொதி, நீல வெளிச்சத்தையே கருவியாக்கி ஒட்டினதைப் பிரித்துவிடும். வெயிலால் வந்த கேட்டை வெயிலைக் கொண்டே சரி பண்ணுகிற ஏற்பாடு. இந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்று காட்டியவர்களில் ஒருவரான அஸீஸ் சன்ஜாருக்கு 2015-ல் வேதியியல் நோபல் பங்கு கிடைத்தது. நமக்கு இந்த நொதி கிடையாது, வேறு சுற்றுவழியில்தான் பழுது பார்க்கிறோம். வாழைக்கு இருப்பது நமக்கு இல்லை, என்ன செய்ய.

பழுது கொஞ்சம் என்றால் திருத்திக்கொண்டு செல் பிழைத்துவிடும். தாங்க முடியாத அளவுக்குப் போனால் அது வேறு பாதையைத் திறக்கிறது. முடிவு எடுக்கிறது என்று நான் சொன்னால் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள், செல்லுக்கு மூளை இல்லை. ஆனால் நடப்பது என்னவோ முடிவு எடுத்தது போலத்தான். டி.என்.ஏ. சேதத்தை மோப்பம் பிடிக்கிற புரதங்கள் சேதி சொல்ல, குளோரோபிளாஸ்டிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஆக்சிஜனின் வெறிபிடித்த வடிவங்கள் பெருக, புரதங்களை வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ள, கடைசியில் கரு சுருங்கி, டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது. விலங்குகளில் இப்படிச் சாகிற செல்லைப் பக்கத்துச் செல்கள் தின்று துடைத்துவிடும். செடியில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மதில்சுவர், யாரும் வந்து தின்ன முடியாது. அதனால் பொதுவாகச் செடிச் செல் தன் நடுவில் உள்ள பெரிய நீர்ப்பையை உடைத்து அதிலுள்ள செரிமான நொதிகளாலேயே தன்னைக் கரைத்துக்கொள்ளும். பிணம் இருந்த இடத்திலேயே கிடக்கும். வாழைக்காய் நறுக்கினால் கறை கறுக்கிறதே, அதே சங்கதிதான் செத்த செல்லிலும் நடக்கிறது, உள்ளே தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து காற்றோடு சேர்ந்து பழுப்பாகின்றன. உங்கள் படத்தில் கருகல் என்று காட்டியது அந்தப் பழுப்பைத்தான்.

இதெல்லாம் கதையா, ஆதாரம் உண்டா என்றால், உண்டு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற களைச்செடி ஒன்று இருக்கிறது, உலகத்துத் தாவரவியல்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் வெள்ளெலி. 1998-ல் டனோன், கால்வா என்ற இருவர் அதன் மேல் புற ஊதா சி-யைப் பாய்ச்சி, உள்ளே டி.என்.ஏ. எப்படி உடைகிறது என்று பார்த்தார்கள். கண்டபடி செத்தால் டி.என்.ஏ. கண்டபடி நொறுங்கும், ஜெல்லில் (துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் கூழ்த்தட்டு அது) ஓட்டிப் பார்த்தால் இழுவிவிட்ட மை போல் தெரியும். திட்டப்படி செத்தால் கண்ணி கண்ணியாக, ஏறக்குறைய 180 எழுத்து, அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று அளந்து வெட்டினது போல் உடையும், ஜெல்லில் ஏணிப்படி மாதிரி வரும். எங்கள் பக்கம் நல்லமிளகு பறிக்க மரத்தில் சாத்துகிற ஒற்றை மூங்கில் ஏணியைப் பார்த்திருக்கிறீர்களா, கணுக்குக் கணு கால் வைக்க இடம் விட்டு? அப்படி. அவர்களுக்கு ஏணிதான் கிடைத்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் குழுவின் 2004 வேலை. விலங்குச் செல் இப்படித் திட்டப்படி தானே சாவதை, அதாவது தற்சாவை, தடுக்கிற பொருள்கள் சில உண்டு, பூச்சி வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த பி35 என்ற புரதம் அதில் ஒன்று. அது செடிக்குள் இருந்தால், புற ஊதா பட்ட பிறகும் இந்தச் சாவு அடக்கப்படுகிறது. நெருப்பில் விழுந்த ஓலையை மருந்து கொடுத்து எரியாமல் நிறுத்த முடியுமா? முடியாது. நிறுத்த முடிகிறது என்றாலே அந்தச் செல் எரிந்து சாகவில்லை, ஒரு வேலையைச் செய்து செத்திருக்கிறது, அந்த வேலையைத்தான் மருந்து தடுத்திருக்கிறது என்று ஆகிறது. கருகுகின்றன என்ற ஒரே சொல்லில் உங்கள் கட்டுரை இவ்வளவையும் அழித்துவிட்டது.

அக்காவுக்கு நியாயம் செய்ய ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் நான் நேர்மையானவள் இல்லை. வேர் நுனியில் புதுச்செல்களைப் பிறப்பிக்கிற மூலச்செல்கள் கொஞ்சம் இருக்கும். புற ஊதா பி பட்டால் அவை மற்ற செல்களைவிடச் சீக்கிரம் தங்களை முடித்துக்கொள்ளும், கெட்டுப்போன நகலை வேர் முழுக்கப் பரப்பாமல் இருப்பதற்காக என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்கிற விளக்கம். எஸ்.ஓ.ஜி.1 என்ற ஒரு புரதம் அந்தக் கட்டளையைக் கொண்டு போகிறது. நம் உடம்பில் பி53 என்ற காவல் புரதம் செய்கிற வேலையை, பி53 இல்லாத செடியில் இது செய்கிறது. 2010-ல் வந்த ஒரு ஆய்வு, காமாக் கதிர் பட்டாலும் புற ஊதா பி பட்டாலும் மூலச்செல்கள் ஒரே பாதையில்தான் சாகின்றன என்று காட்டியது. ஆக, கதிர்கள் வேறு வேறு, செடி பதில் சொல்கிற வழி ஒன்று. "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று அக்கா இதைப் படித்துவிட்டுக் கேட்பாள். கேட்கட்டும்.

தற்சாவு என்றதும் பயங்கரமாகத் தோன்றும். ஆனால் செடிக்கு இது அன்றாடம். மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய் எல்லாம் செத்த செல்கள்தான், செல் தன் உள்ளே இருப்பதைக் காலி செய்து செத்தால்தான் அது குழாய் ஆகும். நாஞ்சில் நாட்டு வயலில் தண்ணீரில் நிற்கிற நெல்லின் வேருக்குள் காற்று இறங்க இடைவெளி உண்டாவதும் நடுவில் உள்ள செல்கள் இப்படி ஒழிந்து இடம் கொடுப்பதால்தான். நம் தோலும் அப்படியே, சங்குத்துறையில் நாள் முழுக்க வெயிலில் ஆடிவிட்டு வந்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் முதுகு உரிகிறதே, அங்கேயும் புற ஊதாவால் டி.என்.ஏ. கெட்ட செல்கள் தங்களை முடித்துக்கொண்டதன் பங்கு உண்டு.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் சாவுக்கு விலங்குகளில் அப்போப்டோசிஸ் என்று 1972-ல் கெர், வில்லி, கறி என்ற மூவர் பெயர் வைத்தார்கள். அது கிரேக்கச் சொல், மரத்திலிருந்து இலையோ பூவிதழோ உதிர்வதைக் குறிப்பது. மரத்திடமிருந்து கடன் வாங்கிய பெயர். ஆனால் இப்போது தாவரவியல்காரர்களில் ஒரு சாரார் செடியில் நடப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது, விலங்கில் நடப்பது போல் செல் துண்டாகிப் பக்கத்துச் செல் விழுங்குவதில்லையே என்று வாதாடுகிறார்கள். கடன் கொடுத்தவனுக்கே சொத்தில் பங்கில்லை என்கிற கதை. தமிழில் என்ன சொல்வது? திட்டமிட்ட செல் மரணம் என்று பாடப்புத்தக பாணியில் சொல்லலாம், அதில் யாரோ வெளியிலிருந்து சதி செய்தது போல ஒரு வாடை வருகிறது. செல் தற்கொலை என்றால் நாளிதழுக்கு நல்லா இருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. பனை ஏறுகிறவர்கள் காவோலை என்று சொல்கிறோமே, தன் காலம் முடிந்து சாய்ந்த ஓலை, அந்த மாதிரி ஒரு சொல் வேண்டும். தற்சாவு என்று நான் இங்கே எழுதியிருப்பது தற்காலிகம்தான், உங்கள் வாசகர்களில் யாராவது நல்லதாகச் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஓசோன். உங்கள் கட்டுரையில் நம் தலைக்கு மேல் ஓட்டை விழுந்திருப்பது போல ஒரு வரி வருகிறது. ஓட்டை என்று 1985-ல் கண்டுபிடித்துச் சொன்னது அண்டார்க்டிகாவுக்கு மேலே. நமக்கு மேலே ஓட்டை இல்லை, பூமத்திய ரேகைப் பக்கம் ஓசோன் இயற்கையிலேயே மெலிசு. நாகர்கோவில் எட்டு டிகிரி வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல், நிழல் காலடிக்குள் போய்விடும். அதனால் தெளிந்த நாள் மதியத்தில் புற ஊதா எண் (வெயிலில் புற ஊதா எவ்வளவு கடுமை என்று சொல்கிற அளவு) 11-ஐத் தாண்டுவது இங்கே புதுசில்லை. மனிதன் குளிர்பதனப் பெட்டி கண்டுபிடிப்பதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பெட்டியில் அடைத்த, ஓசோனைத் தின்கிற வாயுக்களை நிறுத்தச் சொன்ன 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோன் தேறி வருகிறது, அண்டார்க்டிகாவில் 2066 வாக்கில் 1980-ன் அளவுக்குத் திரும்பிவிடும் என்று 2022-ல் ஐ.நா. ஆதரவில் வந்த மதிப்பீடு சொன்னது. நல்ல சேதி இருக்கும்போது அதையும் போடலாமே.

இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த செடிகள் சும்மா நிற்பதில்லை. புற ஊதா பி-யைப் பார்க்கவென்றே செடிக்குள் ஒரு கண் மாதிரி புரதம் இருக்கிறது, யு.வி.ஆர்.8, அதுதான் அந்தக் கண் என்பது 2011-ல் உறுதியானது. இரட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், புற ஊதா பட்டதும் பிரிந்து, கருவுக்குப் போய், ஃபிளவனாய்டு தயாரி என்று சொல்லும். அந்த ஃபிளவனாய்டுதான் இலையின் மேல்தோலில் நின்று புற ஊதாவை விழுங்கும். ரப்பர் கொழுந்தும் மாந்தளிரும் செம்பு நிறத்தில் வருகிறதே அதுவா என்று கேட்பார்கள். அந்தச் சிவப்புக்கும் இதில் ஒரு கை உண்டு, ஆனால் முக்கியமான காவல் கண்ணுக்கு நிறமே தெரியாத அந்த மற்ற ஃபிளவனாய்டுகள்தான். மணவாளக்குறிச்சி இல்மனைட்டிலிருந்து வருகிற டைட்டானியம் டை ஆக்சைடைத்தான் சன்ஸ்கிரீனில் போட்டு நாம் முகத்தில் பூசுகிறோம். செடி தன்னுடையதைத் தானே காய்ச்சிக்கொள்கிறது.

குப்பிக்குள் வளர்ந்த கன்றுக்கு இந்தக் காவல் குறைவு, இலையில் மெழுகும் மெலிசு. அதனால்தான் பண்ணையில் முதலில் அடர்ந்த நிழல்வலை, அப்புறம் பாதி நிழல், அப்புறம் காலை வெயில் என்று வாரக்கணக்கில் பழக்குகிறோம். சிலர் அவசரப்பட்டு வாங்கின அன்றே மதிய வெயிலில் நட்டுவிட்டு, இலை வெளுத்துப் பழுத்ததும் எனக்குப் போன் பண்ணித் திட்டுவார்கள். அதை முழுக்கப் புற ஊதாவின் தலையில் கட்ட மாட்டேன். சூடு, வறட்டுக் காற்று, அளவுக்கு மீறின சாதாரண வெளிச்சம், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த வேலையைப் பார்க்கும், வயலில் நிற்கிற ஒரு இலையைக் கையில் எடுத்துப் பார்த்து இது புற ஊதா என்று யாராலும் சொல்லிவிட முடியாது. உங்கள் படத்தில் இருந்த இலை உட்பட. எனக்கென்னவோ அது சிகடோகா இலைப்புள்ளி நோய் பட்ட வாழை இலை போலத்தான் தெரிந்தது, அச்சில் மங்கலாக இருந்ததால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

முருங்கை கதை மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மரத்து மூட்டில் மண் சொதசொதவென்று கிடந்தது, ஒரு சோப்பு வாடை. புதுசாக வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்கள், அதன் தண்ணீர்க் குழாயை அத்தான் நீட்டி முருங்கை மூட்டில் விட்டிருக்கிறார், மரத்துக்கு நல்லதென்று. முருங்கைக்கு மூட்டில் தண்ணீர் தேங்கினால் ஆகாது, வேர் மூச்சு முட்டினால் அது இலையை மஞ்சளாக்கி, காம்பை அறுத்து, தானே உதிர்த்துவிடும். குழாயை ஓடைப் பக்கம் திருப்பி விட்டாயிற்று. அக்கா இன்னும் நம்பவில்லை, பேப்பர்ல போட்டா நம்புறேன் என்கிறாள். அதனால் நீங்கள் திருத்தம் போடுவதாக இருந்தால், போன வாரம் கதிர்வீச்சு என்று போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள், அவள் கண்ணாடி போடாமல்தான் பேப்பர் படிப்பாள்.

இப்படிக்கு,
வாழை நாற்றுப் பண்ணைக்காரி ஒருத்தி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.